நெட்டலையில் ஒரு கோடு

ஜூன் மாதம் நார்சாக்கில்
இருட்டு கடனுக்குக்கூடக் கிடைக்காது.
நாமே செய்துகொள்ள வேண்டும்:
சமையலறைச் சன்னலுக்கு இரண்டு கம்பளி,
கதவிடுக்குக்கு ஒரு துண்டு,
ஃப்ரிட்ஜில் மினுக்கும் பச்சைப் புள்ளிமேல்
ஒட்டுநாடா.
இரவு பதினொன்று. வெளியே
ஆட்டுக்குட்டிகள் இன்னும் மேய்கின்றன.

நாளை கப்பல் வருகிறது.
இறங்குகிறவர்களில் பத்துப் பேராவது கல் கேட்பார்கள்.
ஒரு வாரம் மலைச்சரிவில்
முழங்கால் தேயப் பொறுக்கியது வாளி நிறைய இருக்கிறது.
பகலில் பார்த்தால் எல்லாம்
கழுவாத உருளைக்கிழங்கு.

மேசைமேல் மூன்று விளக்குகள்.
சிற்றலை, மத்திய அலை, நெட்டலை.
பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்துவதுபோல்தான்;
ஒன்றில் ஊமையாய்க் கிடப்பது
இன்னொன்றில் கத்தும்.

"கண்ணாடியைப் போடு" என்கிறான் இலன்னுவாக்.
போன வருடம் அதைப் போடாமல் குனிந்து
கண்ணில் மணல் கொட்டியதுபோல்
இரண்டு நாள் படுத்துக் கிடந்தவன் அவன்தான்.

சிற்றலை.
வாளி தீப்பிடிக்கிறது, சூடில்லாமல்.
துக்துபைட்டின் சிவப்பு:
வெறுங்கையால் பனியை அள்ளி
வீட்டுக்குள் வந்ததும்
விரல்நுனியில் குத்திக்கொண்டு ஏறுமே, அது.
நடுவே அனல்சைம், பச்சை,
யாரோ துப்பிய மாதிரி அங்கங்கே.
சில கல் எதுவும் சொல்வதில்லை.
அவற்றைத் தனியே வைக்கிறேன்,
படிக்கட்டு ஓரத்தில் மண்ணை நிறுத்தப் பயன்படும்.

மத்திய அலையில் பெரிதாக ஒன்றுமில்லை.
இரண்டு கல் முணுமுணுக்கின்றன,
அவ்வளவுதான்.

நெட்டலை இந்த வசந்தத்தில்தான் வந்தது,
ஓர்ஹூஸிலிருந்து தபாலில்,
சுங்கத்தில் மூன்று வாரம் தூங்கிவிட்டு.
அதில் சோடலைட் கனலும், ஆரஞ்சாக.
கூடவே என் சட்டைக் காலர்,
அவன் பற்கள்,
சோப்புத்தூள் சிந்திய மேசைவிரிப்பு,
கல்லில் ஒட்டிய ஒரு நூல்துணுக்கு.
நீலமாய் மின்னும் அந்த நூலைப் புதுக் கனிமம் என்று
படம் எடுத்தவர்களும் உண்டு.

ஒப்பிட ஒரு நல்ல துண்டு வேண்டும்.
இழுப்பறையில் காலுறைக்குள் இருந்த
என் கல்லை எடுத்தேன்.
கல்யாணத்தன்று அவன் தந்தது.
"ஒரே கட்டி. மலை கொடுத்தபடி" என்று சொல்லித் தந்தது.
வெயிலில் வைத்தால் கன்னம் சிவக்கும்,
இருட்டில் வைத்தால் வெளிறும்.
பதினோரு வருடம் சிற்றலையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்;
முழுச் சிவப்பு,
ஒரு கீறல் இல்லை.

நெட்டலையைத் திருப்பினேன்.

கல் மங்கிப்போனது.
அதன் குறுக்கே ஒரு கோடு மட்டும்
வெள்ளையும் நீலமுமாய்
ஓரத்திலிருந்து ஓரம்வரை.

பசை.
படகின் கண்ணாடிக்கு நாங்கள் பூசும் அதே பசை.

அவன் வாளிக்குள்
எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

கோடு முடியும் இடத்தில் பிதுங்கி உறைந்திருந்தது
ஒரு பெருவிரல் ரேகை.
சுழி ஒன்று, முழுசாக.
"கையைக் கொடு."
"எதுக்கு?"
"கொடு."

இறைச்சிக்கூடத்துக் கத்தி கிழித்து
எட்டு வருடம் ஆகிறது;
இப்போது அவன் சுழியை வெட்டிக்கொண்டு
ஒரு தழும்பு ஓடுகிறது.
கல்லில் இருப்பது தழும்புக்கு முந்திய விரல்.
கல்யாணத்துக்கு முந்தின இரவு,
எங்கோ தவறவிட்டு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அழுத்திய விரல்.

"படியில விழுந்துச்சு" என்றான்,
கல்லிடம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மீண்டும் சிற்றலைக்கு மாற்றினேன்.
கோடு போயிற்று.
சிவப்பு பழையபடி,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கம்பளிகளை அவிழ்த்தபோது
வெளிச்சம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்
நின்றிருந்தது.
கல்லைச் சன்னலில் வைத்தேன்;
காலையில் நிறம் ஏறட்டும்.

பின்னால் சின்னதாய் ஒரு சத்தம்.
நெட்டலை விளக்கின் பேட்டரியைக் கழற்றி
பைக்குள் போட்டுக்கொண்டான்.
கப்பலுக்கு விலைச்சீட்டு எழுத
பேனா தேடுவதுபோல்
நான் குனிந்துகொண்டேன்.